பூசியது 20 மைக்ரான், நுழைய மறுத்தது தண்டு

பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், பையிலிருந்து ஓர் எஃகுத் தண்டையும் அது நுழைய வேண்டிய ஹப்பையும் எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் வெள்ளிப் பாத்திரம் போல மின்னின. "சார், இதை இதுக்குள்ள விட்டுப் பாருங்க" என்றார். விட்டுப் பார்த்தேன். பற்கள் பல்லிடைகளுக்கு நேராகத்தான் நின்றன. ஆனால் தண்டு உள்ளே போகவில்லை. தட்டி ஏற்றலாமா என்று கேட்டேன். "தட்டினா உள்ள போகும். அப்புறம் வெளிய வராது சார்."

பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர். ஐ.டி.ஐ. முடித்து, வெளியூரில் ஒரு தொழிற்கூடத்தில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறார். நடந்தது இதுதான். தேய்மானம் குறைவதற்காக இந்தத் தண்டுகளுக்குக் கடினமான நிக்கல் பூச்சு கொடுக்க முடிவு செய்தார்கள். மாதிரிக்கு ஒரே ஒரு தண்டைப் பூசிப் பார்த்தார்கள். ஹப்பில் நன்றாக நுழைந்தது. பிறகு மொத்தமாக அனுப்பியபோது ஹப்புகளையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். பூச்சு 20 மைக்ரான்தான். நம் மாணவர் தண்டின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தார். 40 மைக்ரான் கூடியிருந்தது. வரைபடம் அனுமதிக்கும் எல்லைக்குள்தான். கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஒன்றுகூட நுழையவில்லை. கையெழுத்து அவருடையது என்பதால் கேள்வியும் அவரிடமே வந்தது.

அவர் எடுத்த அளவில் பிழை இல்லை, அளந்த இடத்தில்தான் பிழை. அதை அவருக்கு விளக்க உட்கார்ந்தபோது, ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் நாம் நடத்தும் முக்கோணவியலே முழுதும் தேவைப்பட்டது. "சைன், காஸ் எல்லாம் எங்கே சார் உதவும்?" என்று ஆண்டுதோறும் ஒரு குரல் கேட்கும் அல்லவா? அதற்கு என்னிடம் இப்போது மேசை மேல் வைக்கக்கூடிய ஒரு பதில் இருக்கிறது.

டிராக்டரின் பின்னால் ஒரு பாடம்

ஸ்ப்ளைனைக் காட்ட சிவகங்கை மாவட்டத்தில் எந்தப் பள்ளியும் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. டிராக்டரின் பின்புறம் ரோட்டவேட்டரை மாட்டும் இடத்தில் குட்டையான ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பி.டி.ஓ. ஷாஃப்ட் என்பார்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் வகையில் 35 மி.மீ. தண்டைச் சுற்றி 6 பற்கள் நீளவாக்கில் இருக்கும். அவற்றின் பக்கங்கள் நேரானவை. 1000 சுற்று சுழலும் வகையில் அதே 35 மி.மீ. தண்டில் 21 பற்கள். பக்கங்கள் மெல்ல வளைந்தவை. இரண்டாவது வகைதான் இன்வொல்யூட் ஸ்ப்ளைன். கார், லாரிகளின் கிளட்ச் தட்டு நடுவிலும் இப்படிப் பற்கள் உண்டு. (டிராக்டரைக் காட்டும்போது என்ஜினை நிறுத்தி, சாவியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.)

கியரில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பற்களே தொடும். ஸ்ப்ளைனில் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் பல்லிடைகளுக்குள் உட்கார்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அதனால்தான் பொருத்தம் இவ்வளவு நுணுக்கமாகிறது. இடைவெளி கூடினால் ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் பற்கள் மோதித் தேயும். குறைந்தால் நுழையவே நுழையாது. தேய்வது பற்களின் மேற்பரப்பு. முறுக்கைத் தாங்குவது தண்டின் உள்பகுதி. எனவே மேலே கடினமும் உள்ளே உரமும் வேண்டும். முழுதும் கடினமாக்கினால் அதிர்ச்சியில் உடையும்.

மேற்பரப்பைக் கடினமாக்கப் பல வழிகள் உண்டு. பொருத்தத்தின் கண்ணோட்டத்தில் அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும். ஒன்று, மேலே ஏறி உட்காரும் பூச்சு. மற்றது, உலோகத்தையே உள்ளுக்குள் மாற்றும் வெப்பச் செயல். முதலாவது அளவைக் கூட்டும்; எவ்வளவு என்று தாளில் கணக்கிடலாம். இரண்டாவது அளவைக் கூட்டுவதோடு வடிவத்தையும் கோணலாக்கும். அதைத் தாளில் மட்டும் கணக்கிட முடியாது.

ஒரே 20, மூன்று விடைகள்

முதலில் பூச்சு. மாணவரின் தண்டை எளிய எண்களில் எழுதிக்கொள்வோம். 20 பற்கள், மாட்யூல் 2. எனவே பிட்ச் வட்டத்தின் விட்டம் 40 மி.மீ. அழுத்தக் கோணம் 30°. பிட்ச் வட்டத்தில் நின்று பார்த்தால் பல்லின் பக்கம், மையத்திலிருந்து வரும் ஆரக்கோட்டுக்கு 30° சாய்ந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். பூசுவதற்கு முன் பல்லுக்கும் பல்லிடைக்கும் பிட்ச் வட்டத்தின் வழியே இருந்த இடைவெளி 60 மைக்ரான் என்று கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பூச்சின் தடிமன் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாகச் சொல்லப்படுவது. ஆனால் பல் நுழையுமா என்பதைத் தீர்மானிப்பது வட்டத்தின் வழியே உள்ள அகலம். வாழைக்காயை நேராக நறுக்கினால் வட்டம், சாய்வாக நறுக்கினால் நீண்ட வில்லை. காய் அதேதான், நாம் வெட்டிய திசை மாறியதால் அளவு நீண்டது. அதேபோல் 20 மைக்ரான் பூச்சை 30° சாய்வில் அளந்தால் 20 ÷ காஸ் 30° = 23.1 மைக்ரான். பல்லுக்கு இரண்டு பக்கங்கள், மொத்தம் 46.2.

ஆக, தண்டை மட்டும் பூசியபோது 60-இல் 46 போக 14 மைக்ரான் மிஞ்சியது. மாதிரித் துண்டு நுழைந்ததற்கு அந்த 14 மைக்ரான்தான் காரணம். ஹப்பையும் பூசியபோது ஒவ்வொரு பல்லிடையும் இன்னொரு 46 மைக்ரான் குறுகியது. 14-இல் 46 போனால் எதிர்க்குறி 32. தண்டு ஹப்பைவிட 32 மைக்ரான் பெரிதாகிவிட்டது. இந்த இடத்தில் மாணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளிவிட்டத்துக்கு வருவோம். பல்லின் உச்சியில் பூச்சு நேர் ஆரத்திசையில் ஏறுகிறது. அங்கே சாய்வு இல்லை. இரு புறமும் சேர்த்து 40 மைக்ரான்தான். இவ்வகை ஸ்ப்ளைன்களில் உச்சிக்கும் ஹப்பின் அடிக்கும் நடுவே தாராளமான இடம் விட்டிருப்பார்கள். பொருத்தம் நடப்பது பக்கங்களில். அவர் உச்சியை அளந்து பக்கங்களுக்குக் கையெழுத்திட்டார்.

பட்டறைகளில் பக்கங்களை அளக்க ஒரு நல்ல வழி உண்டு. எதிரெதிரான இரண்டு பல்லிடைகளில் ஒரே அளவுள்ள இரண்டு உருளை ஊசிகளை வைத்து, அவற்றின் மேல் மைக்ரோமீட்டரைப் பிடிப்பார்கள். பக்கங்கள் தடித்தால் ஊசிகள் மேலே தள்ளப்படும். ஆப்பு வடிவப் பள்ளத்தில் உருளை உட்காருவது போலத்தான் இது. எனவே இங்கே காஸ் போய் சைன் வருகிறது. ஒவ்வோர் ஊசியும் உயர்வது, தடிமன் ÷ சைன் கோணம். கோணம் சரியாக 30° என்றால் சைன் 30° அரை. ஊசி 40 மைக்ரான் உயரும், இரண்டும் சேர்ந்து 80. உண்மையில் ஊசியின் மையம் பிட்ச் வட்டத்துக்குச் சற்று வெளியே அமையும். நம் தண்டில் 3.84 மி.மீ. ஊசி வைத்தால் அந்தக் கோணம் 34.6° ஆகிறது, விடை ஏறத்தாழ 70.

ஒரே 20 மைக்ரான், உச்சியில் 40, பல்லின் அகலத்தில் 46, ஊசிகளின் மேல் 70. இவற்றில் எது பொய்? எதுவும் இல்லை. போல்ட் மரைக்கும் இதே கதைதான். 60° மரையில் முலாம் பூசினால் பிட்ச் விட்டம் பூச்சின் தடிமனைப்போல் நான்கு மடங்கு கூடும் என்று முலாம் கடைகளில் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த நான்கு, சைன் 30°-இலிருந்து வருகிறது.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கச் செலவே இல்லை. நடுவில் 60° கோணம் வரும்படி இரண்டு அட்டைகளைச் சாய்த்து ஒட்டி, பள்ளத்தில் ஒரு சுண்ணக்கட்டி டப்பாவையோ உருளையான பேட்டரியையோ கிடத்துங்கள். உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரு சுவர்களிலும் 20 தாள்கள் அடுக்குங்கள். நாம் நகலெடுக்கும் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. இருக்கும், 20 தாள்கள் 2 மி.மீ. உருளை 4 மி.மீ. உயரும். அரைக்கோணம் 30°, சைன் அரை. அட்டைகளை விரித்துக் கோணத்தைக் கூட்டினால் உயர்வு குறைவதையும் பிள்ளைகள் காணலாம். தொடக்க வகுப்புகளுக்குத் தீப்பெட்டி போதும். உள்தட்டின் இரு பக்கமும் தாள் ஒட்டிக்கொண்டே வந்து எத்தனையாவது தாளில் இறுகுகிறது என்று எண்ணட்டும். பிறகு வெளிக்கூட்டின் உள்பக்கமும் ஒட்டிப் பார்க்கட்டும். பாதி எண்ணிக்கையிலேயே இறுகிவிடும். என் மாணவரின் தொழிற்கூடத்தில் நடந்தது இதுவே.

நூல் வரையும் வளைவு

பூசிய பிறகும் பல்லின் வடிவம் இன்வொல்யூட்டாகவே இருக்குமா? இந்தக் கேள்வியை மாணவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டுக்கொண்டேன். விடை அழகானது.

ஒரு பால்மாவு டப்பாவைத் தாளின் மேல் நிறுத்தி, அதன் மேல் நூலைச் சுற்றி, முனையில் பென்சிலைக் கட்டுங்கள். நூலை இறுக்கமாகப் பிடித்தபடி பிரித்துக்கொண்டே வந்தால் பென்சில் வரைவதுதான் இன்வொல்யூட். டப்பாவின் வட்டம்தான் அடிவட்டம். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் பற்றி 1673-இல் வெளியிட்ட நூலில் இவ்வகை வளைவுகளை ஆராய்ந்தார்; பல்சக்கரத்துக்கு இது ஏற்றது என்று அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் காட்டினார்.

இப்போது அதே நூலில் முதல் பென்சிலுக்கு 1 செ.மீ. உள்ளே இன்னொரு பென்சிலைக் கட்டுங்கள். நூல் பிரியும்போது இரண்டும் இரண்டு வளைவுகளை வரையும். நூல் எப்போதும் வளைவுக்குச் செங்குத்து என்பதால், அவற்றிடையே தூரம் எங்கும் 1 செ.மீ.தான். ஒரு வளைவின் மேல் 1 செ.மீ. சீராகப் பூசியதுபோல. ஆனால் இரண்டாவதும் அதே டப்பாவிலிருந்து பிரிந்த நூல் வரைந்ததுதானே? அதுவும் அதே இன்வொல்யூட்தான், சற்றுத் திரும்பியிருக்கிறது, அவ்வளவே. ஒன்றை மெல்லிய தாளில் நகலெடுத்து டப்பாவின் மையத்தில் குண்டூசி குத்தித் திருப்பினால் மற்றதன் மேல் அப்படியே படியும். டப்பாவின் ஆரம் 5 செ.மீ. என்றால் திருப்ப வேண்டிய கோணம் 1/5 ரேடியன், ஏறத்தாழ 11.5°.

எனவே சீரான பூச்சு இன்வொல்யூட் பல்லின் வடிவத்தைக் கெடுப்பதில்லை. பல்லைத் தடிமனாக்குகிறது, அவ்வளவுதான். முன்கூட்டியே பல்லை அதே அளவு மெலிதாக வெட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இந்த ஒரு குணத்துக்காகவே இந்த வளைவை எனக்குப் பிடிக்கும்.

மின்சாரம் விளிம்புகளை விரும்பும்

ஆனால் "சீரான" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாணவரின் தண்டில் இருந்தது மின்சாரம் இல்லாமல் ரசாயன வினையால் படியும் நிக்கல். அது பல்லின் உச்சி, பக்கம், அடி எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமனாகப் படியும். பிறகு 400 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றினால் கடினம் வெகுவாகக் கூடும். (இந்த 400 டிகிரியில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய தண்டை இவ்வளவு சூடாக்கினால் அடியில் உள்ள எஃகு மெத்தென்றாகிவிடும்.)

கடின குரோமிய முலாம் அப்படியல்ல. அது மின்முலாம். மின்புலம் கூர்மையான விளிம்புகளில் குவியும். அங்கே உலோகம் அதிகம் படியும். பள்ளத்தில் குறைவு. பல்லின் உச்சி ஓரம் தடித்து, அடி மெலிந்து, இன்வொல்யூட்டே போய்விடும். உருளைத் தண்டு என்றால் பூசிய பிறகு அரைத்துச் சரிசெய்யலாம். 20 பல்லிடைகளின் பக்கங்களை அரைப்பது வேறு வேலை, செலவும் வேறு.

காரைக்குடியில் இருந்துகொண்டு மின்முலாம் பற்றிப் பேசும்போது சிக்ரியை நினைக்காமல் இருக்க முடியாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 25.07.1948 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. 14.01.1953 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்முலாமும் உலோக அரிப்புத் தடுப்பும் அங்கே நெடுங்காலமாக ஆராயப்படும் துறைகள். செப்டம்பர் 26, சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள்; அதையொட்டி ஆய்வகங்களை மாணவர்களுக்குத் திறந்து காட்டும் வழக்கம் உண்டு. சுற்றுவட்டாரப் பள்ளிகள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு. குரோமிய முலாமில் சதுர செ.மீ.க்கு 0.5 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் மின்சாரம் செலுத்துகிறோம், 1800 கூலும். ஆறு இணைதிற நிலையிலுள்ள குரோமியம் ஓர் அணுவுக்கு 6 எலக்ட்ரான் கேட்கும். ஃபாரடே விதிப்படி 0.16 கிராம் படிய வேண்டும். ஆனால் இந்தக் குளியலின் மின்திறன் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான். 15 என்று வைத்தால் 0.024 கிராம். அடர்த்தி 7.19-ஆல் வகுத்தால் தடிமன் ஏறத்தாழ 34 மைக்ரான். பல்லின் விளிம்பில் மின்னோட்டம் இருமடங்கு குவிந்தால், தடிமனும் அங்கே ஏறக்குறைய இருமடங்கு.

மிச்ச 85 விழுக்காடு மின்சாரம் எங்கே போனது? பெரும்பாலும் ஹைட்ரஜனை வெளியேற்றுவதற்கு. அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி எஃகுக்குள் புகுந்து, வலிமை மிக்க எஃகை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கும். அதனால்தான் முலாமிட்ட பாகங்களை உடனே 190, 200 டிகிரியில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள். அளவு சரியாக இருந்தும் ஒடிந்துபோன தண்டுகளுக்கு இந்தப் படியைத் தவிர்த்தது காரணமாக இருப்பதுண்டு.

திருப்பாச்சேத்தியில் வளைவது

இனி நெருப்பு. நம் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அரிவாளை அடித்து வடிவமாக்கிய பின் கொல்லர் அதைப் பழுக்கக் காய்ச்சித் துவைச்சல் போடுவார். வெட்டும் விளிம்பு கடினமாக வேண்டும்; முதுகு முறியாமல் தாங்க வேண்டும். மேலே கடினம், உள்ளே உரம் என்று நாம் சொன்னதன் பட்டறை வடிவம் இது. துவைச்சலில் அலகு சற்றுக் கோணுவதும், கொல்லர் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்துத் தட்டி நிமிர்த்துவதும் எந்தப் பட்டறையிலும் காணக்கூடியவை. அரிவாள் எதனுள்ளும் நுழைய வேண்டியதில்லை என்பதால் மிச்சமுள்ள கோணல் யாருக்கும் பொருட்டில்லை. ஸ்ப்ளைனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏன் கோணுகிறது? அறை வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் பொருள் மைய கனசதுரமாக அடுக்கப்பட்டுள்ளன. நிரம்பியுள்ள இடம் 68 விழுக்காடு. தூய இரும்பை 912 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் முகப்பு மைய அடுக்காக மாறும், 74 விழுக்காடு. அந்த நிலையில் கார்பன் தாராளமாகக் கரையும். மெல்லக் குளிர்ந்தால் கார்பன் பிரிந்துவிடும். எண்ணெயிலோ நீரிலோ சட்டென அமிழ்த்தினால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது உருவாகும் மார்ட்டென்சைட் என்ற அடுக்கு கடினமானது. பழைய எஃகைவிடச் சற்று அதிக இடமும் பிடிக்கும். ஆகவே கடினமான தோல் பருத்திருக்கும், மெத்தென்ற உள்பகுதி அந்த அளவுக்குப் பருத்திராது. தடித்த பகுதி மெல்லக் குளிரும், மெலிந்த பகுதி விரைவாகக் குளிரும். ஒன்றையொன்று இழுக்கும் இழுவையில் தண்டு வளையும், பற்கள் நீளவாக்கில் முறுகும், ஹப்பின் துளை ஒரு முனையில் சுருங்கிக் கூம்பாகும் அல்லது நீள்வட்டமாகும்.

கார்பன் ஏற்றுவதில் இது மிகுதி. 20 எம்.என்.சி.ஆர். 5 போன்ற குறைந்த கார்பன் எஃகை 900 முதல் 950 டிகிரியில் பல மணி நேரம் கார்பன் சூழலில் வைத்து, அரை மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கார்பனைப் புகுத்தி, எண்ணெயில் அமிழ்த்துவார்கள். கிடைக்கும் கடினம் ராக்வெல் சி அளவில் சுமார் 60. கூடவே கோணலும் கிடைக்கும். நைட்ரஜன் ஏற்றும் முறையில் வெப்பம் 500, 550 டிகிரிதான். அடுக்கு மாறும் அளவுக்குப் போவதில்லை, திடீர்க் குளிர்ச்சியும் இல்லை. வளர்ச்சி மைக்ரான் கணக்கில், பெரும்பாலும் சீராக இருக்கும். எனவே முதலிலேயே பற்களை முழுதாக வெட்டி முடித்துவிட்டு நைட்ரைடு செய்யலாம். ஆனால் தோல் மெல்லியது. பெருஞ்சுமைக்குக் கார்பன் தோல் போலத் தாங்காது.

தடிமன் மாறாமலே இறுகுவது

இங்கேதான் என் மாணவரின் ஊசி அளவும் கைவிடும் இடம் வருகிறது. ஒரு மரச்சட்டத்தில் எஃகு அளவுகோலின் தடிமனுக்குச் சற்றே பெரிய, ஒரு சாண் நீளமுள்ள நேர்ப்பிளவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் வழுக்கிக்கொண்டு போகும். அதே அளவுகோலை லேசாக வளைத்துவிட்டு நுழையுங்கள். பாதியில் இறுகும். தடிமனை அளந்தால் மாறியிருக்காது. இரண்டு சீப்புகளை ஒன்றில் ஒன்று செருகும்போதும் இப்படித்தான். ஒரே ஒரு பல் வளைந்திருந்தாலும் முழுச் சீப்பும் முரண்டு பிடிக்கும்.

40 மி.மீ. நீளமுள்ள ஸ்ப்ளைன் பல், வெப்பச் செயலில் முனைக்கு முனை 25 மைக்ரான் சாய்ந்துவிட்டது என்றால், நேரான பல்லிடைக்குள் போக அதற்கு 25 மைக்ரான் கூடுதல் இடம் வேண்டும். அது 25 மைக்ரான் தடித்த பல்லைப் போல நடந்துகொள்கிறது. பற்களின் இடத் தவறும் வடிவத் தவறும் இதனுடன் சேரும். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 4156, அமெரிக்க பி 92.1 ஆகிய ஸ்ப்ளைன் தரவிதிகள் பல்லின் தடிமனை இரண்டாகச் சொல்கின்றன. அளந்து அறியும் உண்மைத் தடிமன் ஒன்று. எல்லாத் தவறுகளையும் சேர்த்துக்கொண்டு பொருத்தத்தில் வெளிப்படும் செயல்தடிமன் மற்றொன்று. ஊசிகள் முதலாவதைக் காட்டும். எல்லாப் பற்களையும் ஒருசேரச் சோதிக்கும் முழுவட்ட 'கோ' கேஜ் இரண்டாவதைக் காட்டும். வெப்பச் செயலுக்குப் பின் ஊசி அளவு 'சரி' என்று சொல்லி, கேஜ் 'இல்லை' என்றால் இரண்டுமே உண்மை சொல்கின்றன.

பூச்சுக்குப் போல இதற்கு ஒரு சூத்திரம் எழுதிவிட முடியாது. அதே எஃகு, அதே உலை, அதே அடுக்கும் முறையில் சில துண்டுகளைச் செய்து, முன்னும் பின்னும் அளந்து, கோணலின் போக்கைப் பிடித்துக்கொண்டு, அதற்கு எதிர்த்திசையில் பற்களை வெட்டுகிறார்கள். தண்டைத் தொங்கவிட்டபடி அமிழ்த்தினால் வளைவு குறையும். ஹப்பின் துளையில் ஒரு முளையைச் செருகியபடி அமிழ்த்தினால் துளை சுருங்க இடமிருக்காது. ஹப்பின் பற்களைக் கடினமாக்கவே வேண்டாம் என்றால் அங்கே மட்டும் செம்பு முலாம் பூசிவிடுவார்கள்; செம்பைத் தாண்டிக் கார்பன் புகாது. கடினமாக்குவதற்காகவும் முலாம், கடினமாகாமல் இருப்பதற்காகவும் முலாம்! அதிர்வெண் மிகுந்த மின்சுருளுக்குள் தண்டை நுழைத்துப் பற்களின் தோலை மட்டும் சூடாக்கி அமிழ்த்துவது இன்னொரு வழி. முழுத் தண்டும் சூடேறாததால் கோணல் குறையும். ஆனால் அதற்கு எஃகில் முன்பே போதிய கார்பன் இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் திருத்தம் பெரும்பாலும் தண்டின் பக்கமே விழுகிறது. ஹப்பின் உள்பற்களை இழுவை வெட்டி ஒரே இழுப்பில் வெட்டும். அந்தக் கருவி விலை மிக்கது, தண்டுக்குத் தண்டு அதன் அளவை மாற்ற முடியாது. தண்டின் பற்களை மெலிதாகவோ தடிமனாகவோ வெட்டுவது எளிது. தரவிதிகளும் பல்லிடையை நிலையாக வைத்து, பல்லின் தடிமனை மாற்றித்தான் பொருத்தத்தின் வகைகளை அமைக்கின்றன.

மாணவரின் கதையில் ஹப்புகள்தான் பிழைத்தன. அவற்றில் படிந்த நிக்கலை ரசாயனத்தில் கரைத்து எடுத்துவிட்டு, பூசிய தண்டுகளுடன் பொருத்திப் பார்த்தார்கள். 14 மைக்ரான் இடைவெளியில் பெரும்பாலானவை நுழைந்தன. நுழையாத சிலவற்றை ஊசி வைத்து அளந்தபோது தடிமன் சரியாகவே இருந்தது. பற்கள் நீளவாக்கில் சாய்ந்திருந்தன. பூசுவதற்கு முன் அந்தத் தண்டுகளைக் கடினமாக்கியபோது வந்த கோணல். அதுவரை 60 மைக்ரான் இடைவெளி அதை மூடி மறைத்து வைத்திருந்தது.

அடுத்த தொகுதிக்கு வரைபடத்தில் இரண்டு வரிசை எழுதியிருப்பதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார். பூசுவதற்கு முன் ஊசிகளின் மேல் அளவு, பூசிய பின் ஊசிகளின் மேல் அளவு. "நடுவுல 70 மைக்ரான் வித்தியாசம் போட்டிருக்கேன் சார். ஏன் 40 இல்லைன்னு கேட்டாங்க. சைன் 34.6 டிகிரின்னு சொன்னேன்."